முதுகு காட்டி நின்றவள்

கார்டீனா, கலிபோர்னியா
1984 செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? டோக்கியோவில் இன்னும் வெயில் குறையவில்லை என்று பத்திரிகையில் படித்தேன். விசிறிக்கு நேர் எதிரில் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள், கழுத்துப் பிடித்துக்கொள்ளும். இங்கே நாங்கள் நலம்.

ஒரு நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். பூச்சிமருந்துக் கம்பெனியின் துண்டறிக்கைகளை மொழிபெயர்த்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன் அல்லவா, அதை விட்டுவிட்டேன். ஹாலிவுட்டில் ஒரு சின்னக் கம்பெனி. ஜப்பானிய கார்ட்டூன் தொடர்களை வாங்கி, ஆங்கிலம் பேசவைத்து, ஊர் ஊராக டிவி நிலையங்களுக்கு விற்கிறார்கள். அங்கே இப்போது நான் மொழிபெயர்ப்பாளன். மூன்று தொடர்கள் வாங்கியிருக்கிறார்கள். முதலாவது ‘வெண்கோட்டைக் கப்பல்’, கடைசி ‘மணல் ரயில்’. நடுவில் இருப்பது என்ன தெரியுமா? ‘பனிநிலாக் காவலர்கள்’. நம் அத்தான் எழுதியது! திரையில் ஷிகேமாட்சு தகுஜி என்ற பெயரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

இந்த ஊரில் சிறுவர் தொடர் என்றால் வாரத்தில் ஐந்து நாளும் சாயங்காலம் ஓட வேண்டும், மாதக்கணக்கில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் எந்த நிலையமும் வாங்காது. நம் ஊர்த் தொடர் ஒவ்வொன்றும் அதற்குக் குட்டை. அதனால் மூன்றையும் சேர்த்துத் தைத்து, ‘நட்சத்திர வம்சம்’ என்று ஒரே கதையாக்கப்போகிறார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையே என்றேன். எங்கள் முதலாளி ஸ்வெட்லிக் வாயிலிருந்த சுருட்டை எடுக்காமலே சிரித்தார். “சாம், கல்யாணம் பண்ணி வைச்சா சம்பந்தம் தானா வந்துடும்யா” என்றார். இங்கே எனக்குச் சாம் என்றுதான் பெயர்.

ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டும். அத்தான் தொடரில் வரும் நவோ என்ற பெண்ணின் பெற்றோர் யார் என்று எங்குமே வரவில்லை. அத்தான் குறிப்பு ஏதாவது வைத்திருந்தாரா? மறந்துபோயிருந்தால் பரவாயில்லை.

அம்மா சுகம். உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

என்றும் உங்கள் தம்பி,
இசாமு


ஓகிகுபோ, டோக்கியோ
1984 அக்டோபர் 3

தம்பி இசாமுவுக்கு,

கடிதம் வந்தது. ஆறு வருஷமாகப் புத்தாண்டு அட்டையைத் தவிர எதுவும் எழுதாதவன் திடீரென்று நாலு பக்கம் எழுதினால், முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் படிக்க வேண்டும். படித்தேன். என் கழுத்தைப் பற்றிய அக்கறை எதற்கு என்று புரிந்தது.

இங்கே ஒன்றும் மாறவில்லை. அதே ஸ்டுடியோ, அதே வர்ணப் பிரிவு. பிள்ளைகள் தீட்டித் தரும் கண்ணாடித்தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, போன காட்சியில் நீலமாக இருந்த தொப்பி இந்தக் காட்சியில் ஏன் பச்சையாயிற்று என்று திட்டுவது என் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். இதை மனதில் வைத்துக்கொண்டு எனக்கு எழுது.

அவர் தொடரை அமெரிக்காவுக்கு விற்றது எனக்கு உன் கடிதத்தில்தான் தெரியும். தயாரிப்பாளர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை, எழுதினவருக்கு அதில் உரிமை எதுவும் கிடையாது. பொம்மை விற்கவில்லை என்று பாதியில் நிறுத்தப்பட்ட தொடர் அது. கடைசிப் பகுதியை எப்படி முடிப்பது என்று ஒரு வாரத்தில் யோசித்து எழுதினார். அடுத்த குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அந்தப் படத்தில் வேறு யாராவது கை வைப்பார்கள் என்று அவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

நவோவுக்குப் பெற்றோர் இல்லை. குறிப்பும் இல்லை. தொலைந்துபோகவுமில்லை, நான் மறக்கவுமில்லை. இல்லை என்பதுதான் கதை. எதற்குக் கேட்கிறாய்?

இன்னொன்று. “அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்” என்று ஒவ்வொரு அட்டையிலும் எழுதுகிறாய். ஒரு எழுத்துக்கூட மாறாமல் எழுதுகிறாய். ஒரு மனுஷி இத்தனை வருஷமாக ஒரே வார்த்தையில் விசாரிப்பாளா? அது உன் வசனம்.

பச்சைத் தேயிலை தனியே அனுப்பியிருக்கிறேன். ஈரம் படாமல் வை.

ஹிசாயோ


கார்டீனா
1985 ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வணக்கம். தேயிலை வந்தது. உங்கள் கோபமும் அதே பொட்டலத்தில் வந்து சேர்ந்தது, இரண்டிலும் ஈரம் படவில்லை.

நான் ஏதோ சதி செய்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். இங்கே நடப்பதை நேரில் பார்த்தால் சிரித்துவிடுவீர்கள். ஒரு சின்ன அறை. திரையில் ஆள் வாயைத் திறந்து மூடுகிறான். எத்தனை தடவை திறக்கிறானோ அத்தனை அசைக்கு ஆங்கிலம் இருக்க வேண்டும். ஜப்பானியன் “அப்படியா?” என்று கேட்கிற நேரத்தில் அமெரிக்கன் ஒரு பிரசங்கமே முடித்துவிடுவான். மிச்சமிருக்கும் வாயசைவுக்கு நான் ஏதாவது வார்த்தை தேட வேண்டும். ஒரு தளபதியை இப்படித்தான் திக்குவாயனாக்கிவிட்டேன். பேசுகிறவர்கள் எல்லாம் நாடக நடிகர்கள். ஒரே ஆள் ராஜாவாகவும் பேசுவான், ராஜாவைச் சுட்டவனாகவும் பேசுவான். நடிகர் சங்கத்துக்குத் தெரியக்கூடாது என்று கடைசியில் வேறு பெயர் போட்டுக்கொள்கிறார்கள்.

மொழிபெயர்ப்போடு வசனமும் எழுதச் சொல்லிவிட்டார் ஸ்வெட்லிக். “நீ எழுதறதுல ஒரு ஏக்கம் இருக்குய்யா, பிள்ளைங்க ஒட்டிக்கிட்டுப் பார்ப்பாங்க” என்றார். நம்ப முடிகிறதா? நாற்பது வயதில் நான் எழுத்தாளன்.

நவோவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பெயரை நோரா என்று மாற்றியிருக்கிறார்கள், இங்கே பிள்ளைகளுக்கு வாயில் நுழைய வேண்டுமே. மற்றபடி பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. வசந்தகாலத்தில் ஒளிபரப்பு தொடங்குகிறது. பெட்டி பெட்டியாகப் பொம்மைகள் வேறு வரப்போகின்றனவாம்.

அம்மாவைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை, கவனித்தீர்களா?

அன்புடன்,
இசாமு


ஓகிகுபோ
1985 ஜூன் 20

இசாமு,

இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பிரிவு யோகோயாமா ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தான். ஓஹையோ என்ற ஊரிலிருந்து யாரோ ஒரு பெண், உங்கள் தொடர்மேல் பைத்தியமாம், நோராவின் அசல் ஓவியம் ஒன்று வேண்டும் என்று ஸ்டுடியோவுக்கு எழுதியிருக்கிறாள். அவன் அரைகுறை ஆங்கிலத்தில் படித்துவிட்டு எல்லாருக்கும் கேட்கக் கத்தினான்.

“ஹிசாயோ சான், உங்க நவோவுக்கு அம்மா கிடைச்சுட்டாங்களாமே!”

“யாருடா அது?”

“வெண்கோட்டைக் கப்பல்ல வருவாளே, அந்த கேப்டன். அவதான் பெத்தவளாம். உலகத்தைக் காப்பாத்தப் போறதுக்காகக் குழந்தையை விட்டுட்டுப் போனாளாம். பாவம், ராத்திரி பகலா மகளை நினைச்சுக்கிட்டே இருக்காளாம்!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் முழுச் சாயங்காலமும் ஒரு சிவப்பைக்கூட என்னால் சரிபார்க்க முடியவில்லை.

பெரிய மாற்றம் ஒன்றுமில்லை என்று எழுதினாயே. வேறொரு கம்பெனி வேறொரு ஆளை வைத்து எடுத்த படத்திலிருந்து ஒருத்தியைக் கூட்டிவந்து, என் புருஷன் பெற்ற பெண்ணுக்கு அம்மாவாக்கியிருக்கிறாய். இதை உன் ஸ்வெட்லிக் யோசித்தான் என்று கதை விடாதே. குழந்தையை விட்டுவிட்டுக் கப்பலேறிய அம்மா, அதற்கு ஒரு பெரிய காரணம், போன இடத்தில் ஓயாத நினைப்பு. சுருட்டுப் பிடிக்கிற ஆளுக்கு இவ்வளவு துல்லியமாகத் தோன்றாது.

உனக்கு அப்போது ஆறு வயது. எனக்கு ஒன்பது. அப்பா போரில் செத்தபோது நீ பிறக்கக்கூட இல்லை. அம்மா கலிபோர்னியாவில் பிறந்தவள், அவளுடைய அமெரிக்கக் குடியுரிமை திரும்பக் கிடைத்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு யோகோஹாமாவில் கப்பலேறினாள். என்னை ஒகாயாமாவில் பெரியப்பா வீட்டில் விட்டாள். “அடுத்த வசந்தத்துக்குள்ள கூப்பிட்டுக்கறேன்” என்றாள். அங்கே ஒரு தோட்டக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். எத்தனையோ வசந்தம் போய்விட்டது. பதினைந்து வயதில் அவள் கடிதங்களைப் பிரிப்பதை நிறுத்தினேன். பிள்ளை ஆண் என்பதால் எடுத்துப் போனாள், பெண் என்பதால் விட்டுப் போனாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவருக்கு மட்டும் இதெல்லாம் தெரியும். அதனால்தான் நவோவைப் பெற்றவர்கள் யாருமில்லாமல் எழுதினார். கடைசிவரை அவளுக்கு யாரும் வந்து விளக்கம் சொல்ல மாட்டார்கள். அவள் அப்படியே வாழ்ந்துகாட்டுவாள். எனக்காக எழுதினார், இசாமு. நீ அதற்குள் புகுந்து உன் அம்மாவுக்கு வக்கீல் வேலை பார்க்கிறாய். உன்னை அவள் அனுப்பினாளா?

ஹிசாயோ


கார்டீனா
1985 ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஆமாம். நான்தான் எழுதினேன். அம்மா அனுப்பவில்லை.

மூன்று கதைகளையும் தைக்க ஒரு நூல் வேண்டும், திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்றார் ஸ்வெட்லிக். முன்னதில் ஒரு அம்மா வயதுப் பெண் இருக்கிறாள், பின்னதில் அம்மா இல்லாத பெண் இருக்கிறாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் நான் அதைச் சந்தோஷமாகச் செய்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் மோசம். உங்களிடம் மறைத்தது தப்பு. ஆனால் வக்கீல் என்றீர்களே, அது வலித்தது. தூக்கிப் போகப்பட்டதால் எனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று ஒரு நாளும் நீங்கள் கேட்டதில்லை.

அம்மா சாயங்காலமானால் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆங்கிலம் தெரிந்திருந்தும் ஒலியைக் குறைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். போன வாரம் நோராவைப் பார்த்துவிட்டு, “இந்தப் பொண்ணு யாரு? எங்கயோ பார்த்த மூஞ்சியா இருக்கே” என்றார்கள். அத்தான் எழுதியது என்று சொன்னேன். அன்று ராச்சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் தொடரின் கடைசிப் பகுதிக்கு இன்னும் குரல் பதிக்கவில்லை. அதில் ஒரு காட்சி: நவோ துறைமுகத்தில் நிற்கிறாள், தூரத்தில் கிளம்பும் கப்பலின் ஜன்னலருகே ஒரு பெண் முதுகு காட்டி நிற்கிறாள். யார் என்று தெரியாது, கும்பலில் ஒருத்தி. கேமரா அவள்மேல் வெகுநேரம் நிற்கிறது. வாய் தெரியாத இடம் எங்கள் தொழிலில் புதையல். அளவு கிடையாது, அசை கிடையாது, எந்த வார்த்தையை வேண்டுமானாலும் வைக்கலாம். அவள்தான் நோராவின் அம்மா, மகளுக்கு ஏதோ சொல்கிறாள் என்று முடிவாகிவிட்டது. என்ன சொல்கிறாள் என்பதை நான் இன்னும் எழுதவில்லை.

நீங்கள் சொல்லுங்கள், அக்கா. திட்ட வேண்டுமானால் அவள் தன்னையே திட்டிக்கொள்ளட்டும். நீங்கள் எழுதி அனுப்புவதை அப்படியே வைக்கிறேன்.

இசாமு


ஓகிகுபோ
1985 ஜூலை 16

இசாமு,

உன் தந்திரம் நன்றாக இருக்கிறது. என் கையாலேயே அவளுக்கு வசனம் எழுதவைக்கப் பார்க்கிறாய்.

அந்தக் காட்சி எனக்குத் தெரியும். அந்த முதுகுக்கு வர்ணம் சரிபார்த்தவளே நான்தான். சாம்பல் நிற மேலங்கி, காலர் மட்டும் ஒரு நிழல் அழுத்தமாக இருக்கும். அவர் அந்த இடத்தில் ஒரு சொல்கூட எழுதவில்லை. கப்பல் எஞ்சின் சத்தம், அவ்வளவுதான். டிவி நிலையத்துக்காரர்களெல்லாம் சண்டைக்கு வந்தார்கள், இசையாவது போடுங்கள் என்று. “அவ பேசலைங்க. பேசாததுதான் சங்கதி” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அதனால் என் பதில் இதுதான். அவள் பேசக்கூடாது. திட்டவும் வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் உங்கள் இஷ்டப்படி கிழித்துத் தைத்துவிட்டீர்கள். அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவிடு. அது அவருடையது. என்னுடையதும்கூட.

நீ சரி என்று எழுதுவாய். உன் சரியை நான் நம்பப்போவதில்லை. ஒளிபரப்பானதும் டேப் அனுப்பு. பக்கத்து வீட்டு மினெகிஷி அம்மாளிடம் மெஷின் இருக்கிறது, அமெரிக்க டேப் அதில் ஓடும் என்று விசாரித்துவிட்டேன். அவள் பேசியிருந்தால், அதுதான் நம் இருவருக்கும் கடைசிப் பேச்சு.

பள்ளிக்கூடத்தில் உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்?

ஹிசாயோ


கார்டீனா
1985 செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இத்துடன் டேப் வருகிறது. முதலில் இதைப் படியுங்கள், பிறகு பாருங்கள், பிறகு உங்கள் இஷ்டம்.

மௌனத்துக்காகச் சண்டை போட்டேன். இதையாவது நம்புங்கள். ஸ்வெட்லிக் மேஜையைத் தட்டினார். “சத்தம் இல்லாம இவ்ளோ நேரமா? டிவி ரிப்பேர்னு நினைச்சுச் சேனலை மாத்திடுவான்யா! யாராவது எதையாவது பேசுங்க. சமையல் குறிப்பாவது படிங்க!” இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான். எந்தக் கார்ட்டூனிலும் ஒரு ஆள் சும்மா நிற்க முடியாது, முதுகு திரும்பினால் போதும், உள்ளே ஒரு வசனத்தைத் திணித்துவிடுவார்கள்.

கடைசியில் நான் ஒரு வரி எழுதினேன். ‘உன்னைப் பாதுகாப்பான கைகளில் விட்டுச் செல்கிறேன், மகளே, ஒருநாள் புரிந்துகொள்வாய்.’ பதிவு நாளன்று அம்மாவுக்குக் கண் மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. அங்கிருந்து நேராக ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்து, கண்ணாடி அறையில் உட்கார வைத்தேன். நான் திட்டமிட்டு அழைத்து வந்ததாக நீங்கள் சொல்வீர்கள். கொஞ்சம் இருக்கலாம். காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டார்கள்.

“இந்தப் பொம்பளை என்ன சொல்லப்போறா?”

நான் படித்துக் காட்டினேன். ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும்.

“யாருடா இப்படிப் பேசுவா? பாதுகாப்பான கையாம். பிள்ளையை விட்டவ இப்படியெல்லாம் பேச மாட்டா” என்றார்கள்.

எழுந்தார்கள். நடிகை ஓரமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தாள். அம்மா கைப்பையை இடுப்போடு பிடித்தபடி மைக் முன்னால் போய் நின்று, திரையைப் பார்த்து, ஜப்பானிய மொழியில் பேசினார்கள். காகிதம் இல்லை, ஒன்றுமில்லை. எஞ்சினியர் விளையாட்டாகப் பதிவை ஓட்டிவிட்டார். பேசி முடித்ததும், “வீட்டுக்குப் போலாமா? மீன் வாங்கணும்” என்றார்கள்.

ஸ்வெட்லிக்குக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கையைத் தட்டினார். “விண்வெளிக்காரங்க பாஷை! இதையே வெச்சுடு. சாம், இப்படி ஒரு யோசனை உனக்கு ஏன்யா வரலை?” அப்படியே போய்விட்டது. அமெரிக்கா முழுக்கப் பிள்ளைகள் அதை ஏதோ ஒரு கிரகத்தின் மொழி என்று நினைத்துக் கேட்டார்கள்.

என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அது என் வசனமாகிவிடும்.

சேமியா. பள்ளிக்கூடத்தில் என்னைச் சேமியா என்று கூப்பிட்டார்கள். மதியத்துக்கு அம்மா நூடுல்ஸ் கட்டித் தந்த நாளிலிருந்து.

இசாமு


ஓகிகுபோ
1985 அக்டோபர் 12

இசாமு,

பார்த்தேன். மினெகிஷி அம்மாள் அரிசி அப்பளமும் தேநீரும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள், விரட்ட முடியவில்லை. நோராவின் ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை, ரொம்பச் சிரிக்கிறாள். கப்பல் வந்தது. முதுகு வந்தது. அந்தச் சாம்பல் நிறம் உங்கள் டேப்பில் பச்சையாகத் தெரிகிறது. அப்புறம் ஒரு கிழவியின் குரல்.

“ஒரு பிள்ளையைத்தான் கூட்டிட்டுப் போக முடிஞ்சுது. அழுத பிள்ளையைத் தூக்கிட்டேன். நீ அழலை. அழாத பிள்ளை சமாளிச்சுக்கும்னு நினைச்சுட்டேன்.”

மினெகிஷி அம்மாள் அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டாள். “அய்யோ, இது என்னங்க, ஜப்பானிய மொழியிலயே பேசறா! யாருங்க இந்தக் கிழவி?” என்று கேட்டாள். நான் என்ன சொல்லட்டும்? தெரியாது என்றேன். பொய்யில்லை. ஒன்பது வயதுக்குப் பிறகு அவள் குரலை நான் கேட்டதே இல்லை. திரும்ப ஓட்டிக் கேட்டேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. தன் அம்மாவின் குரலை அடையாளம் தெரியாத பிள்ளை உலகத்தில் உண்டா?

அதனால் நேராகக் கேட்கிறேன். இது யார் குரல்? கார்டீனாவில் ஜப்பானியக் கிழவிகளுக்குப் பஞ்சமா? யாரையாவது பிடித்து, ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து நிற்க வைக்க உனக்கு எவ்வளவு நேரமாகும்? கண் மருத்துவர், கைப்பை, மீன். எல்லாம் ரொம்ப அழகாக இருக்கிறது. வசனம் எழுதுகிறவன் எழுதும் அழகு. அந்த வார்த்தைகளும் அப்படித்தான். நாலு வரியில் ஆளைக் கொல்கிறது. இப்படி எழுதத் தெரிந்தவன் என்று உன்னை உன் முதலாளியே சொல்லியிருக்கிறான்.

நீ எழுதினாயா? எழுதியிருந்தால் இப்போதே சொல்லிவிடு. வெறுப்பேன், ஆனால் புரிந்துகொள்வேன். இல்லை என்று சொல்லி, பிறகு ஆமாம் என்று தெரியவந்தால், எனக்குத் தம்பியும் இல்லை என்று ஆகிவிடும்.

ஹிசாயோ


கார்டீனா
1986 பிப்ரவரி 2

அக்காவுக்கு,

நான் எழுதவில்லை.

இதற்குமேல் எதை எழுதினாலும் நன்றாக எழுதியிருக்கிறேன் என்றுதான் சொல்வீர்கள். அதனால்தான் இத்தனை மாதம் பேனாவைத் தொடவில்லை.

கம்பெனி கதை முடியப்போகிறது. ‘நட்சத்திர வம்சம்’ இரண்டாம் பாகம் எடுப்பதாக இருந்தார்கள். இந்த முறை அமெரிக்கக் கதை, ஜப்பானில் ஓவியம். யென் விலை ஏறிய ஏற்றத்தில் போட்ட கணக்கெல்லாம் கவிழ்ந்துவிட்டது, பொம்மைக் கம்பெனியும் கை கழுவிவிட்டது. வரைந்துவைத்த மூன்று பகுதியை ஒட்டி ஒரு டேப்பாக விற்றுவிடலாமா என்று ஸ்வெட்லிக் யோசிக்கிறார். எழுத்தாளர்கள் எல்லாரையும் அனுப்பிவிட்டார். நான் திரும்பவும் பூச்சிமருந்து. இனி உங்களை ஏமாற்றி எனக்கு ஆக வேண்டியது எதுவுமில்லை.

ரசிகர் சங்கம் மட்டும் ஓயவில்லை. நோராவின் அம்மா கடைசியில் பேசியது என்ன மொழி, என்ன அர்த்தம் என்று பிள்ளைகள் இன்னும் கடிதம் எழுதுகிறார்கள். ஒரு கூட்டம் அதற்கு அகராதியே தயார் செய்கிறதாம். நான் யாருக்கும் சொல்லவில்லை.

என்னிடம் கேட்காதீர்கள், அக்கா. நான் இருவருக்கும் நடுவில் நின்று பேசிப் பேசிச் சலித்துவிட்டேன். “விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்” என்பது என் வசனம்தான், நீங்கள் சொன்னது சரி. அம்மா ஒரு தடவைகூட அப்படிச் சொல்லவில்லை. உங்கள் அட்டை வந்தால் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, கையெழுத்தை மட்டும் விரலால் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். அதை எப்படி அட்டையில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் விசாரித்தார்கள் என்று எழுதிவைத்தேன்.

அவர்களிடமே கேளுங்கள். விலாசம் உங்களிடம் இருக்கிறது.

இசாமு


ஓகிகுபோ
1986 மார்ச் 1

அம்மாவுக்கு,

ஹிசாயோ எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீங்களே பிரித்து நீங்களே படிக்க வேண்டும். கண் சரியில்லை என்றால் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். இசாமுவிடம் கொடுக்காதீர்கள். பதிலையும் அவனை எழுதவிடாதீர்கள். கையெழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அவன் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

அமெரிக்கக் கார்ட்டூனில் ஒரு கிழவி பேசுவதைக் கேட்டேன். அது நீங்கள்தானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். நீங்களாக இருந்தால், நான் அழவில்லை என்று சொன்னீர்கள். உண்மை. ஆனால் ஏன் அழவில்லை என்று உங்களுக்குத் தெரியாது. அன்று காலையில், உங்களை வழியனுப்ப என்னை யோகோஹாமாவுக்குக் கூட்டிவந்திருந்த பெரியம்மா என் தலையை வாரிவிட்டுக்கொண்டே சொன்னாள்: “நீ அழுதா அம்மாவால கப்பலேற முடியாது. அம்மா நல்லபடியாப் போகணும்னா சிரிச்சுக்கிட்டே நிக்கணும்.” நீங்கள் மேலிருந்து வீசிய காகித நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். கப்பல் நகர்ந்து அது அறுந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். கன்னமெல்லாம் வலித்தது. நீங்கள் நல்லபடியாகப் போக வேண்டும் என்பதற்காக.

அடுத்த வசந்தம் ஏன் வரவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. தோட்டக்காரரைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான். இந்த முப்பத்தைந்து வருஷமும் எனக்கு இது தோன்றவே இல்லை, அந்த டேப்பைப் பார்த்த பிறகு வேறு எதுவும் தோன்றவில்லை.

அம்மா, நான் அழுதிருந்தால் என்னைத் தூக்கியிருப்பாயா?

உன் மகள்,
ஹிசாயோ